தூண்டில் இல்லாமல் வாங்கிய ரப்பர் மீன்கள்

சென்ற மாதம் வீடு மாறினோம். என் உடுப்பு அலுமாரியை நகர்த்தும்போது அதன் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியை மகன் இழுத்து எடுத்தான். மூடி இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தான். உள்ளே சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல நெருக்கி வைத்த சிறு பைக்கற்றுகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நீளத்தில் மெத்தென்ற ரப்பர் மீன்கள், ரப்பர் புழுக்கள். கறுப்பு, பூசணிவிதை நிறம், பழைய எஞ்சின் எண்ணெய் நிறம், வயிற்றில் மட்டும் வெள்ளி மினுக்கும் பச்சை. மகன் எண்ணிப் பார்த்தான். முப்பத்தொன்று. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தூண்டில் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டான். வாசலில் நின்ற மகள்தான் பதில் சொன்னாள். "அப்பா முந்தி ஆத்திலை மீன் பிடிச்சவர். எங்களுக்குப் போனிலை சொல்லுறவர்." நான் பெட்டியை வாங்கி மூடிவிட்டு, பாரமான சாமான்களை முதலில் ஏற்றுங்கோ என்றேன்.

பிள்ளைகளே, அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்குமேல் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் அம்மா திருத்தட்டும். மகனுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்றால் மகள் வாசித்துக் காட்டட்டும். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவிலே சிரித்து, வேறு கதைக்குப் போய்விடுவேன். என் பழக்கம் எனக்குத் தெரியும்.

அம்மாவும் நீங்கள் இரண்டு பேரும் ஊரில் இருந்த காலம் அது. நான் இங்கே குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்னால், கராஜை அறையாக மாற்றிய இடத்தில் இருந்தேன். கோழி வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் குளிர் அறையில் வேலை. குளிருக்குத் தொப்பி, இயந்திரச் சத்தத்துக்குக் காதடைப்பு, வாய்க்கு முகமூடி. பக்கத்தில் நிற்பவனோடு பேசவேண்டுமென்றால் கையால்தான். கட்டைவிரலைத் தூக்கினால் சரி, உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. வீட்டுக்காரக் குடும்பம் நல்லவர்கள். காரில் போகும்போது கையசைப்பார்கள். கிழமையில் ஐந்து நாள் இப்படிப் போனால் சனிக்கிழமை மத்தியானம் உங்களோடு பேசப் போனை எடுக்கும்போது தொண்டை கரகரக்கும். சளி பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்பாள். ஓம், கொஞ்சம் என்பேன். சளி ஒன்றும் இல்லை. குரல் பாவிக்காமல் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படியான ஒரு சனிக்கிழமை, ரிச்மண்ட் பக்கம் போகும் பஸ்ஸில் தவறுதலாக ஏறி, தவறு தெரிந்ததும் இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு சலவைக்கடை, ஒரு வியட்நாம் பேக்கரி, அதற்கு அடுத்ததாக மீன்பிடிச் சாமான் கடை. கடைக்கூரையின் கீழ் ஒதுங்கினேன். உள்ளே ஒருவர் போனில் யாரையோ தமிழில் வைதுகொண்டிருந்தார். "பெட்டிய வெயில்ல வைக்காதன்னு சொன்னேன்லா, மண்டைல என்னத்தத்தான் வச்சிருக்க" என்று அவர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு என்று தெரியாது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்.

"தமிழா? நனையாதிய தம்பி, உள்ள வாங்க."

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கப்பல்களில் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு, இங்கே குடியேறி, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஓய்வெடுத்தபோது அந்தக் கடையை வாங்கியவர். அரைக்கால் சட்டை, நெற்றியில் திருநீறு. பெயர் சொன்னார். ஆனால் எங்க ஊர்ல கடைக்காரனை அண்ணாச்சிம்பாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க என்றார். என் பெயரை அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் தம்பி.

மழை விட்டது. ஒன்றும் வாங்காமல் வெளியே போக எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. ஒரு கடைக்குள் பத்து நிமிடம் நின்றுவிட்டால் வெறுங்கையோடு இறங்க மாட்டோம். கைக்கு எட்டியதைக் காட்டினேன். அது இந்த ரப்பர் மீன் பைக்கற்று.

அவர் உடனே எடுத்துத் தரவில்லை. எங்க போடப் போறிய, ஆத்துலயா, ஏரியிலயா என்று கேட்டார். நான் ஆறு என்றேன். பாஸ் மீனுக்கா என்றார். அப்படி ஒரு மீன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஓம் என்றேன். தண்ணி எப்படிக் கிடக்கு, தெளிவாவா கலங்கலாவா என்றார். மழைதானே பெய்தது, கலங்கல் என்றேன். அது சரியான பதில் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

மேசையின்மேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் தான் குடித்துக்கொண்டிருந்த பால் விடாத தேத்தண்ணீரை ஊற்றினார். வெளிர்பச்சை மீன் ஒன்றையும் கறுப்பு மீன் ஒன்றையும் நூலில் கட்டி இரண்டு குவளைகளிலும் மாறி மாறி இறக்கினார். தண்ணீருக்குள் பச்சை மீன் உயிருள்ளதுபோல இருந்தது. கறுப்பு, வண்டி ரயர்த் துண்டுபோலப் பொய்யாகத் தெரிந்தது. தேத்தண்ணீருக்குள் பச்சை மீனைக் காணவே இல்லை. கறுப்பின் உருவம் மட்டும் அழுத்தமாக நின்றது. தெளிவான தண்ணீரில் மீன் நிறத்தைப் பார்க்கும், கலங்கலில் நிழலைப் பார்க்கும், பொழுது சாயும்போதும் மப்பு மூட்டத்திலும் அதே கதைதான் என்றார். பிறகு வாலைக் காட்டினார். துடுப்புப் போன்ற வால் தண்ணீரை உதைத்து அதிர்வு உண்டாக்கும், மீன் கண்ணால் காணாவிட்டாலும் உடம்பால் உணரும். சுருண்ட வால் மெதுவாக இழுத்தாலும் ஆடும். குளிரில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு அது போதும். வால் இல்லாத புழு, விழுந்துகிடக்கும் மரக்கொப்புகளுக்கு நடுவில் சும்மா இறங்குவதற்கு. பெரிசு வாங்காதிய, பாஸுக்கு வாய் பெரிசுன்னாலும் ஆசை சிறிசு என்றார்.

நான் கறுப்புத் துடுப்புவால் வாங்கினேன். கராஜ் அறைக்குப் போய்க் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடம் ஒரு மனுஷனோடு தமிழில் கதைத்திருக்கிறேன். கையில் இருந்தது அதற்கான ரசீது.

அடுத்த சனிக்கிழமை சரியான பஸ்ஸை விட்டுவிட்டு வேண்டுமென்றே தவறான பஸ்ஸில் ஏறினேன்.

அப்படித்தான் தொடங்கியது. கிழமைக்கு ஒரு பைக்கற்று, ஒரு கேள்வி. கேள்வியைக் குளிர் அறையில் நின்றுகொண்டே தயார் செய்வேன். கோழிகள் கொக்கியில் வரிசையாக வரும், நான் கால்களை மடக்கிப் பையில் இட்டபடி யோசிப்பேன். பூச்சி வடிவம் எப்போது போடுவது? (வெயில் காலத்தில், மரங்களில் சில்வண்டு கத்தத் தொடங்கியதும்.) வாசனை பூசிய ரப்பர் நல்லதா? (பிடித்த மீன் வாயில் அரை நொடி கூட வைத்திருக்கும், அந்த அரை நொடிக்குத்தான் அவ்வளவு விலை.) எல்லாவற்றையும் பிரித்து ஓர் ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் தலையில் கைவைத்தார். இரண்டு கம்பெனி ரப்பரை ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று உருக்கி, காலையில் பார்க்கும்போது அல்வாவாகிவிடும். "சம்பந்திங்க மாதிரி தம்பி, தனித்தனியா வச்சாத்தான் நல்லா இருப்பாங்க." நான் தகரப்பெட்டி வாங்கிப் பைக்கற்றோடேயே அடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவர் சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். மீன் பிடித்தால் ஈரக்கையால் தாங்கி, கொக்கியைக் கழற்றி, தண்ணீரில் நேராகப் பிடித்து, அது வாலை அடித்துப் போகும்வரை பார்த்துவிட்டு வருவார். கடையில் உயிர்ப்புழுவும் விற்றார். ஆனால் அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறக்க வாடிக்கையாளரையே விடுவார். உயிரை வைத்து உயிரைப் பிடிக்கிறது தனக்கு ஆகாது, ரப்பர் என்றால் பாவம் பாதிதான் என்பார். மீதிப் பாதிக்கு என்ன செய்வீங்கள் என்று கேட்டேன். அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன் என்றார்.

கடைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அந்தக் கிழமை யார் என்ன பிடித்தார்கள் என்று அதில் எழுதுவார். மூன்று மாதம் போனபிறகு ஒருநாள், அவர் பைக்கற்றைப் பையில் போட்டபடி, போன வாரம் வாங்கின பூசணிவிதை எப்படி, ஏதாவது கடிச்சுதா என்று கேட்டார். பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் அப்போதுதான் தன் மீன் படத்தைப் போனில் காட்டியிருந்தார். நான் பலகையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். "ஓம் அண்ணாச்சி. ஒண்டு."

அவர் பேனாவை எடுத்துப் பலகையில் ஆங்கில எழுத்தில் தம்பி என்று எழுதி, பக்கத்தில் பாஸ், ஒன்று என்று போட்டார். பின்னால் நின்றவர்கள் என் தோளில் தட்டினார்கள். இந்த நாட்டில் என் பெயர் அதுவரை படிவங்களில் மட்டுமே இருந்தது. அதுவும் இலக்கத்தோடு. சுவரில் எழுதியது என் பெயரில்லைதான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று மத்தியானம் உங்களுக்கும் அதைச் சொன்னேன். அப்பா இன்றைக்கு ஒரு மீன் பிடித்தேன் என்று. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வழக்கமாக இரண்டு சொல்லோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடுகிற பிள்ளை, அன்று கால் மணித்தியாலம் கேள்வி கேட்டாள். எவ்வளவு பெரிசு, பல்லிருக்குதா, கத்தினதா. அதற்குப் பிறகு நான் எப்படி நிறுத்துவேன்? அண்ணாச்சி சொன்ன நுணுக்கங்களை எல்லாம் சேர்த்து கிழமைக்கு ஒரு மீனை உங்களுக்காகப் பிடித்தேன். மரக்கொப்புக்குள் ஒளிந்திருந்த மீன், நூலை அறுத்துக்கொண்டு போன மீன். நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டதை அம்மா பிறகு சொன்னாள். உங்களுக்கு நான் சொன்ன ஒரு மீன்கூட உண்மை இல்லை. நான் ஆற்றங்கரைக்கே போனதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத்தும்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு என்பதால் அன்றே உங்களோடு பேசினேன். பிடிக்கிற மீனை எல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று மகன் கேட்டான். தண்ணீரில் விட்டேன் என்று சொன்னால் சின்னப்பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்து, கறி வைச்சனான், நல்ல ருசி என்றேன். அடுத்த நாள் கடைக்குப் போகும்போது என்னிடம் கேள்வி ஒன்றும் மிச்சமில்லை. குளிர் அறையில் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கேள்வி இல்லாமல் நின்றால் பைக்கற்றை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் இறங்கவேண்டும். அதனால் உங்களுக்குச் சொன்ன கதையையே அவரிடமும் எடுத்தேன்.

"போன ஞாயிறு நல்ல மீன் ஒண்டு அண்ணாச்சி. கறி வைச்சனான்."

அவர் கொக்கிகளை எண்ணிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எங்க புடிச்சிய?"

"ஆத்திலைதான்."

"பாஸா?"

"ஓம்."

அவர் கடையின் மறு மூலையில் நின்ற வாடிக்கையாளரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் தமிழ் அந்த ஆளுக்கு விளங்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார். கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன். குளிர்கால மாதங்களில் பாஸ் மீன்கள் முட்டையிட ஆற்றின் கீழ்ப்பக்கம் உப்புத் தண்ணீருக்கு இறங்கும். அந்தக் காலத்தில் ஆற்றில் பிடிபட்டால் அப்படியே விட்டுவிடவேண்டும், ஒன்றுகூட வைத்திருக்கக்கூடாது. அது சட்டம். ஆபீசர் பார்த்தால் அபராதம், பெரிதாகப் போனால் கோர்ட்டு.

"இத வெளிய யாருட்டயும் சொல்லாதிய தம்பி" என்றார். அவர் முகத்தில் தம்பி இல்லை. வயிற்றில் முட்டையோடு இருந்த மீனைத் தின்றவனைப் பார்க்கிற சைவக்காரரின் முகம் அது. அன்று அவர் வழக்கம்போலப் பஸ் வரும்வரை பேச்சுக் கொடுக்கவில்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்தக் கிழமை எப்படிப் போனதென்று சொல்கிறேன். என் விசாவுக்கான புதுப் படிவம் அப்போதுதான் போயிருந்தது. உங்களை இங்கே எடுப்பதற்கு அது ஒன்றே வழி. அதில் ஒரு கேள்வி இருந்தது, உங்கள்மேல் ஏதாவது குற்றம் சாட்டப்பட்டதா என்று. இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். இப்போது நானே என் வாயால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன், செய்யாத குற்றத்தை. கடைக்குள் நின்ற மற்ற ஆள் யார்? பலகையில் முன்பு எழுதியதைப் படம் எடுத்திருப்பார்களா? செய்யவில்லை என்று சொன்னால், அப்படியானால் ஏன் முப்பது பைக்கற்று வாங்கினாய் என்று கேட்பார்களே, அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? குளிர் அறையில் கட்டைவிரலைத் தூக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கையைக் காட்டி, முழு வரிசையையும் இரண்டு தரம் நிறுத்திவிட்டேன்.

புதன்கிழமை அரைநாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். வேலை நாளில் அந்தக் கடைக்குப் போனது அதுவே முதல்தரம். ஆளில்லை. அண்ணாச்சி பின்பக்கம் ஒரு முக்காலியில் இருந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன், உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று பயந்து.

"நான் ஒரு நாளும் மீன் பிடிக்கேல்லை அண்ணாச்சி. என்னட்டைத் தூண்டிலே இல்லை. ஆத்துக்கே போகேல்லை. எல்லாம் சும்மா சொன்னது."

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"தெரியும் தம்பி. நாலாவது வாரமே தெரியும்."

நான் உள்ளே வந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"இந்த ரப்பர் மீன் தானா முங்காது, தானா குத்தாது. ஈயத்தலை வச்ச கொக்கி ஒண்ணு வேணும், அதுலதான் கோத்துப் போடணும். நீங்க இவ்வளவு நாள்ல அந்தக் கொக்கி ஒண்ணுகூட வாங்கலியே. வெறும் ரப்பர வச்சி என்னத்தச் செய்ய, சாம்பார்லயா போடுவிய?"

"அப்ப ஏன் பலகையிலை எழுதினீங்கள்?"

"அதுல பேரு இருக்கவன்ல பாதிப்பேரு அப்படித்தான்." டப்பாவை மூடினார். "ஆனா கறி வச்சேன்னு சொன்னிய பாத்தியளா, அப்பத்தான் பயந்துட்டேன். கடக்கர ஊருன்னு சொல்லிருந்தியளே, தூண்டி இல்லாம வல கில போட்டுட்டியளோன்னு. ரெண்டு நாளு சோறு எறங்கல."

நான் விசாக் கதையைச் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். அதுவரை அவருக்கு நான் சொல்லவே இல்லை. எனக்குப் பிள்ளைகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் கேட்டுக்கொண்டு, கையைக் கழுவி, துடைத்து, ஒன்றும் ஆகாது, ஒரு பயலுக்கும் தெரியாது என்றார். பிறகு, தம்பி, ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குக் கடைக்கு வாங்க என்றார். தன்னிடம் இரண்டு தூண்டில் இருக்கிறதாம். ஆற்றுக்குப் போவோம், கிடைத்தால் விட்டுவிடுவோம், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். நான் வாறன் என்றேன். அவர் போன் நம்பரை நான் கேட்கவில்லை. என்னுடையதை அவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை தோறும் பார்க்கிற ஆட்களுக்கு நம்பர் எதற்கு?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.

நோய் இல்லை, வேலை இல்லை. விடியப் பார்க்கப்போகிறோம்தானே என்று முதல்நாள் கடைக்குப் போகாமல் உடுப்பை மடித்து வைத்திருந்தேன். விடிய எழும்பி முகம் கழுவினேன். ஞாயிறு பஸ் இல்லை, அதனால் ஐந்து மணிக்கே நடக்கத் தொடங்கவேண்டும். காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தேன். முதலில், மீன்பிடிக்கும் அனுமதிச் சீட்டு இல்லையே என்று நினைத்தேன். அது பொய்ச்சாட்டு, போனிலேயே ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்கலாம். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு காலமும் எனக்கும் அவருக்கும் நடுவில் மேசை இருந்தது, மேசையில் ஒரு பைக்கற்று இருந்தது. நிறம், வால், தண்ணீர் என்று அதைப் பற்றியே பேசினோம். இனி அது பொய் என்று இருவருக்கும் தெரியும். காரில் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்தால் என்னைப் பற்றித்தானே பேசவேண்டும்? என்னிடம் பேச என்ன இருக்கிறது, கோழியும் குளிரும்? ஒன்பது மணியானது. சப்பாத்தைக் கழற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை வெட்கம். அதற்கடுத்த சனிக்கிழமை, போன கிழமை போகாததால் இன்னும் வெட்கம். இப்படி ஐந்து கிழமை போனது. ஆறாவது கிழமை போனேன். நேரே கடைக்குள் போகத் துணிவில்லாமல் பக்கத்துப் பேக்கரிக்குள் நுழைந்து ஒரு பாண் வாங்கினேன். கடைக்கார அம்மாவுக்கு என்னை முகம் தெரியும். என் ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நன்றாக விளங்கியது. உன் நண்பர் அந்த ஞாயிறு ஆறு மணிக்கே வந்தார், இரண்டு கோப்பி வாங்கினார், காருக்கு வெளியே எட்டு மணிவரை நின்றார், பிறகு இரண்டையும் அவரே குடித்துவிட்டுப் போனார் என்றாள். ஆறிப்போயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

மன்னிப்புக் கேட்கச் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு பக்கத்துக் கதவைத் தள்ளினேன். அவர் மேசைக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன்.

"வாங்க சார். என்ன பாக்குறிய?"

தமிழில் எத்தனையோ வசவு உண்டு பிள்ளைகளே. ஊரிலும் வழியிலும் அகதி முகாமிலும் நான் எல்லாம் கேட்டிருக்கிறேன். அந்த 'சார்' மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை. மரியாதையாக, பிசிறில்லாமல், எந்த வாடிக்கையாளருக்கும் சொல்வதுபோலச் சொன்னார். நான் கைக்கு எட்டியதைக் காட்டினேன். தண்ணி எப்படிக் கிடக்கு என்று அவர் கேட்கவில்லை. பையில் போட்டுத் தந்து நன்றி சார் என்றார். அதுதான் முப்பத்தோராவது பைக்கற்று. அதற்குப் பிறகு நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. உங்களுக்காகப் போனில் மீன் பிடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சில வருடங்களில் விசா கிடைத்தது, நீங்கள் வந்தீர்கள். அண்ணாச்சி கடையை விற்றுவிட்டு மகனோடு இருக்க மெல்பேர்ன் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். நம் ஆட்கள் மத்தியில் அது பெரிய வேலையில்லை. நான் விசாரிக்கவில்லை.

இப்போது வீட்டில் நாலு பேர். நான் வேலையால் வரும்போது மூன்று அறைக்கதவும் சாத்தியிருக்கும். கதவுக்குள் நீங்கள் ஆங்கிலத்தில் சிரிப்பது கேட்கும். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பேன், குட் என்பீர்கள். குற்றம் சொல்லவில்லை, கேள்வி கேட்கத் தெரியாதது என் பிழை. சில நாட்களில் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது தொண்டை பழையபடி கரகரப்பதை நானே கவனித்திருக்கிறேன். உங்கள் அறை வாசலில் நின்று, ஒரு கேள்வி தேடி, கிடைக்காமல், லைட்டை நிப்பாட்டிவிட்டுப் படுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஆறு வருடம் போனில் மீன் பிடித்தவனுக்கு நேரில் ஒன்றும் வரவில்லை.

ஒரு தகப்பன் எழுதினால் கடைசியில் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். பொய் சொல்லாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அண்ணாச்சியைக் கேட்டால் அதைப் பெரிய பாவம் என்று சொல்லவும் மாட்டார். வேறொன்றுதான் சொல்லலாம். உங்களை ஒருவர் ஓரிடத்துக்கு வா என்று கூப்பிட்டால், பேச ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் அவர் இரண்டு தூண்டில் எடுத்து வைத்திருப்பார். எனக்கு இது விளங்கக் காலம் எடுத்தது.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் நேப்பியன் ஆற்றுக்குப் போகிறேன். அனுமதிச் சீட்டு எடுத்தாயிற்று. அம்மா உட்பட நாலு பேருக்கும் தூண்டில் வாங்கியிருக்கிறேன். எனக்குச் சரியாக எறியத் தெரியாது, சிரிக்கலாம். வர விருப்பமில்லை என்றால் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள், கோபிக்கமாட்டேன். ஒன்றும் சொல்லாமல் விட்டீர்களென்றால், வீட்டுவாசலில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, எட்டு மணிவரை நிற்பேன்.